மழை நின்ற பிறகும் வடிகாலில் தண்ணீர் திரும்பி வருவது ஏன்? (அடையாற்றங்கரைத் தெருக்கள்)

கோட்டூர்வாசி · அக்டோபர் 9, இரவு 9:40

வணக்கம். கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில், தரைத்தளத்தில் இருக்கிறோம். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

போன நவம்பரில் ஒரு நாள் மதியம் வரை நல்ல மழை. இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. தெருவில் நின்ற தண்ணீர் மாலைக்குள் வடிந்தும் போனது. சரி, பிழைத்தோம் என்று இருந்தோம். இரவு எட்டு மணிக்கு மறுபடியும் வாசலில் தண்ணீர். வானத்தில் ஒரு துளி இல்லை. தெருமுனைக்குப் போய் வடிகாலின் கம்பி மூடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு வேப்பிலைக் கொத்து ஆற்றுப் பக்கமிருந்து எங்கள் வீட்டுப் பக்கமாக, மெதுவாக, நடந்து வருவது மாதிரி மிதந்து வந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "மழை அதிகம், அதனால்தான்" என்று ஒரே பதில். மழையே இல்லாத நேரத்தில் வந்த தண்ணீருக்கு இது எப்படிப் பதிலாகும்? வடிகாலை இரண்டு வருடத்துக்கு முன்புதான் புதிதாகக் கட்டினார்கள்.

---

ஓய்வுபெற்ற_பொறியாளர் · அக்டோபர் 9, இரவு 10:25

தம்பி, தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது உச்சத்துக்குப் போனது, எப்போது இறங்கியது, நேரக் கணக்கு ஏதாவது இருக்கிறதா? அடுத்த நாளும் வந்ததா?

---

கோட்டூர்வாசி · அக்டோபர் 10, காலை 6:50

இருக்கிறது சார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம். தண்ணீர் வாசல்படியைத் தொட்டால் கரிக்கட்டியால் சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுவார். அந்தக் கோடுகளை வைத்துச் சொல்கிறேன்.

முதல் நாள் இரவு 8:00 மணிக்கு முதல் கோடு. 10:30க்கு உச்சம், இரண்டாம் படியில் பாதி. இரவு இரண்டு மணிக்கெல்லாம் தெருவே காய்ந்துவிட்டது. அடுத்த நாளும் மழையில்லை. ஆனாலும் இரவில் கொஞ்சம் வந்தது. உச்சம் 11:20. மூன்றாம் நாள் நள்ளிரவு தாண்டி வந்தது, படியைத் தொடவில்லை.

---

ஓய்வுபெற்ற_பொறியாளர் · அக்டோபர் 10, காலை 9:15

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதில் அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் உச்சம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போயிருக்கிறது, பாருங்கள். மழைக்கு இப்படிக் கடிகாரம் கிடையாது, கடலுக்கு உண்டு. சென்னைக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். அட்டமி, நவமியில் அதில் பாதிகூட இருக்காது.

அடையாறு ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தை ஒட்டிக் கடலில் சேர்கிறது. கடைசிச் சில கிலோமீட்டரில் ஆற்றின் அடி கடல் மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஆற்றின் மட்டத்தை மழை பாதி, கடல் பாதி என்று பங்கு போட்டுத்தான் தீர்மானிக்கின்றன. உங்கள் தெரு வடிகால் ஆற்றில் விழும் வாயைவிட ஆற்று நீர் உயர்ந்துவிட்டால் அந்த வடிகாலே வாய்க்காலாக மாறி ஆற்றை வீட்டுக்குக் கொண்டுவரும். வடிகால் புதிது, அகலமானது என்றால் இன்னும் தாராளமாகக் கொண்டுவரும்.

வடிகால் கட்டும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அகலம் எவ்வளவு என்பதல்ல. அது விழும் இடத்தில் ஆற்றின் ஏற்ற மட்டம் என்ன, திரும்பி வராமல் தடுக்க அடைப்பு வைத்திருக்கிறதா என்பதுதான். நான் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்டால் "அது ஆற்றுக்காரர்கள் வேலை" என்பார்கள். ஆற்றுக்காரர்களைக் கேட்டால் "வடிகால்காரர்கள் வேலை." அந்த வாய் யாருக்கும் சொந்தமில்லாமலே கிடந்தது.

---

முடிச்சூர்_ராஜா · அக்டோபர் 10, மாலை 7:05

எல்லாம் சரி சார், ஆனால் கடல் மேல் பழியைப் போட்டுவிட்டால் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள். நான் முடிச்சூர், ஆற்றின் மேல்பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் வெகு தூரம். 2015இல் எங்கள் வீட்டுக் கூரையில்தான் உட்கார்ந்திருந்தோம். அன்று தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரிகளின் உபரி வரும் கால்வாய்களெல்லாம் மனைகளாகிவிட்டன. அதைப் பேசாமல் அமாவாசை பௌர்ணமி பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

---

மழைக்குறிப்பு · அக்டோபர் 10, இரவு 11:30

ராஜா அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு தகவல் சேர்க்கிறேன், அது அவர் பக்கமும் பேசும், பொறியாளர் ஐயா பக்கமும் பேசும்.

2015 டிசம்பர் 1 இரவு, பௌர்ணமி முடிந்து ஆறு நாள். தேய்பிறை அட்டமியை நெருங்கும் நேரம். கடலின் ஏற்றம் இருப்பதிலேயே சிறியதாக இருக்கும் நாட்கள் அவை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் நொடிக்கு 29,000 கன அடி, அதாவது 8 லட்சம் லிட்டருக்கு மேல் வந்தது. அதற்கு மேல் மணிமங்கலம், ஆதனூர், முடிச்சூர் பக்கத்து ஏரிகள் யாரும் திறக்காமலே வழிந்து வந்த தண்ணீர். அதைக் கடல் உண்டாக்கவில்லை.

2023 மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக நகர்ந்து, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை ஏறியது. அந்த 5ஆம் தேதியும் தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள்தான். அப்போதும் இயல்பான ஏற்றம் சிறியது. ஆனாலும் கடல் தண்ணீரை வாங்கவில்லை என்று ஊரே சொன்னது, அதுவும் உண்மை. புயலின் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். காற்று வேறு தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளும். போதாததற்கு அக்டோபர், நவம்பரில் நம் கரையோரம் நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பும், அப்போது கடலின் சராசரி மட்டமே ஆண்டின் மற்ற மாதங்களைவிட உயரமாக இருக்கும். அதாவது நமக்கு மழை பெய்யும் மாதங்களும் கடல் உயர்ந்து நிற்கும் மாதங்களும் ஒன்றே.

இந்த இரண்டு வெள்ளமும் வந்தது கடல் அமைதியாக இருக்க வேண்டிய திதிகளில். இதே அளவு மழை ஓர் அமாவாசையன்று, ஏற்றம் உச்சத்தில் இருக்கும் மணியில் வந்திருந்தால்? எனக்கு இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

---

முடிச்சூர்_ராஜா · அக்டோபர் 11, காலை 7:20

இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. நன்றி தம்பி.

---

சிங்கை_மணியன் · அக்டோபர் 11, காலை 8:45

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் மயிலாப்பூர். இங்கே மரினா அணைக்கட்டு இருக்கிறது, 2008இல் திறந்தார்கள். ஆற்றின் வாயிலேயே ஒன்பது கதவுகள். மழை பெய்யும்போது கடல் இறங்கியிருந்தால் கதவைத் திறந்துவிடுவார்கள். ஏறியிருந்தால் கதவை மூடி, ஏழு ராட்சத பம்புகளால் இறைத்துக் கடலில் கொட்டுவார்கள். சைனாடவுன், கேலாங் பக்கத்துத் தாழ்வான இடங்களுக்கு அதனால் பெரிய நிம்மதி. அடையாறு வாயிலும் இப்படி ஒன்று ஏன் யோசிக்கக் கூடாது?

---

ஓய்வுபெற்ற_பொறியாளர் · அக்டோபர் 11, மதியம் 12:10

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கே ஒரு பம்பு நொடிக்கு 40 கன மீட்டர். ஏழுக்கும் சேர்த்து 280, நம் கணக்கில் ஏறத்தாழ 9,900 கன அடி. 2015இல் செம்பரம்பாக்கம் மட்டும் 29,000. கதவை மூடிவிட்டு அதை இறைக்க வேண்டுமென்றால் அதுபோல் மூன்று நிலையம் வேண்டும், வழியில் சேரும் ஏரித் தண்ணீருக்கு இன்னும் எத்தனையோ. அங்கே பத்தாயிரம் ஹெக்டேர் நீர்ப்பிடிப்பை ஒரே கையில் வைத்து, குப்பையையும் கழிவுநீரையும் முதலில் பிரித்துவிட்டுத்தான் கதவு போட்டார்கள். நாம் இன்றைக்கு அடையாற்று வாயை மூடினால் ஆறு ஒரே வாரத்தில் சாக்கடைக் குளம்.

கதவு வேண்டியது ஆற்றின் வாய்க்கு அல்ல. கரையில் உள்ள ஒவ்வொரு தெரு வடிகாலின் வாய்க்கு. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னத் தகடு, ஃபிளாப் கேட் என்பார்கள். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், ஆறு தள்ளினால் மூடிக்கொள்ளும். ஆனால் ஒரு தென்னை மட்டை, ஒரு பிளாஸ்டிக் பை இடுக்கில் சிக்கினால் போதும், மூடாது. போட்டுவிட்டு மறந்தால் போடாததற்குச் சமம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தகடு மூடியிருக்கும் மூன்று நான்கு மணி நேரம் தெருவில் பெய்யும் மழை எங்கே போகும்? ஐந்து ஏக்கர் பரப்பில் 10 செ.மீ. பெய்தால் 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் ஏறத்தாழ 170 லாரி. அதைத் தாங்க ஒரு குளமோ, பள்ளமான விளையாட்டு மைதானமோ, இறைக்க ஒரு மோட்டாரோ வேண்டும். ஆற்றங்கரைப் பேட்டைகளில் அப்படி இருந்த பள்ளங்களைத்தான் முதலில் மேடாக்கினோம்.

---

குப்பத்துக்காரன் · அக்டோபர் 11, இரவு 8:30

படிச்ச நீங்கள் எல்லாரும் பேசுகிறீர்கள், ஆற்று வாயில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் நானும் ஒன்று சொல்கிறேன்.

வாய் ஒரே மாதிரி இருக்காது. வெயில் காலத்தில் தெண்டி வெள்ளம் (கடல் நீரோட்டத்தை நாங்கள் வெள்ளம் என்போம்), தெற்கிலிருந்து வடக்கே ஓடும், மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைக்கும். ஐப்பசி பிறந்தால் வன்னி, வடக்கிலிருந்து தெற்கே. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் ஜேசிபி வந்து வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய மணலைப் பக்கத்திலேயே குவிக்கிறார்கள். நாலு நாள் அலை அடித்தால் அதே மணல் அதே வாயில்.

எங்கள் அப்பா காலத்தில் இப்படி வெட்டவே மாட்டார்கள். ஏற்றத்துக்கு கடல் உள்ளே வெகுதூரம் போகும், வாய்க்கு உள்ளே இருக்கும் குயிபிள் தீவைச் சுற்றி, கிளை ஓடையெல்லாம் நிரம்பி நிற்கும். வற்றத்தில் அவ்வளவு தண்ணியும் ஒரே மூச்சாகத் திரும்பி வரும். அந்த வேகத்தில் வாயில் மணல் நிற்குமா? மடவையும் இறாலும் அந்த நேரத்தில்தான் வலையில் விழும். இப்போது உள்ளே போக இடமில்லை. போனால்தானே திரும்பி வரும்.

---

ஓய்வுபெற்ற_பொறியாளர் · அக்டோபர் 11, இரவு 9:50

ஐயா, இந்த இழையில் இதுவரை எழுதியதில் முக்கியமானது நீங்கள் எழுதியதுதான். நாங்கள் புத்தகத்தில் படித்ததும் இதுவே. ஓர் ஏற்றத்தில் கழிமுகத்துக்குள் எவ்வளவு கடல்நீர் வந்து போகிறதோ அதைப் பொறுத்துத்தான் வாயின் அகலம். கழிமுகத்தின் ஓரத் தாழ்நிலங்களை நிரப்பிக் கட்டடம் கட்டக் கட்ட, வந்து போகும் தண்ணீர் குறைந்தது. தண்ணீர் குறைந்ததும் மணல் ஜெயித்தது. தொல்காப்பியப் பூங்காவில் 58 ஏக்கரைத் தோண்டி ஓடையை மீட்டு 2011இல் திறந்தார்களே, அதைப் பலர் நடைப்பயிற்சிப் பூங்கா என்று மட்டும் நினைக்கிறார்கள். கடல் வந்து போக அது ஓர் இடம். வெள்ளத் தடுப்பு வேலை என்றால் நான் அதையும் சேர்ப்பேன்.

வாயின் இருபுறமும் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் நிலையாகத் திறந்திருக்கும் என்றும் ஒரு யோசனை உண்டு. உங்கள் கருத்து என்ன?

---

குப்பத்துக்காரன் · அக்டோபர் 12, காலை 5:15

கல் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கடல் வீட்டை எடுக்கும். துறைமுகம் கட்டியதும் தெற்கே மெரினா அகலமாயிற்று, வடக்கே ராயபுரம் பக்கம் கரையைக் கடல் தின்றது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள். கட்டுவதற்கு முன் எங்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். அவ்வளவுதான். கடலுக்குப் போகிறேன், அப்புறம் வருகிறேன்.

---

பெரும்பாக்கம்_செல்வி · அக்டோபர் 12, மாலை 6:40

நான் அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டைப் பக்கம் பிறந்தவள். 2015க்கு அப்புறம் எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். ஆற்றங்கரை ஆபத்து, இனி வெள்ளப் பயம் இல்லை என்றார்கள். இங்கே சுற்றி எல்லாமே பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் நிற்கும் பூமி. மழை வந்தால் கீழ்த்தளத்தைச் சுற்றித் தண்ணீர், லிஃப்ட் ஓடாது, எட்டாவது மாடியிலிருந்து மாமியாரை நாற்காலியில் வைத்து நாலு பேர் இறக்கினோம்.

இந்தத் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்று யாராவது விளக்க முடியுமா? ஆற்றங்கரையில் இருந்தபோது பாலத்துத் தூணைப் பார்த்தே தண்ணீர் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லிவிடுவோம். இங்கே எங்கே பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை.

---

மழைக்குறிப்பு · அக்டோபர் 12, இரவு 9:05

அக்கா, உங்கள் பக்கத்துத் தண்ணீர் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அடியில் போய், பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, அங்கிருந்து தெற்கே முட்டுக்காடு வரை நகர்ந்து கடலில் சேர வேண்டும். பக்கத்தில் கிழக்கே பார்த்தால் கடல், ஆனால் தண்ணீர் நேராகப் போக முடியாது. சரிவு மிகக் குறைவு. முட்டுக்காட்டில் கடல் ஏறியிருந்தால் கால்வாய் அப்படியே நிற்கும், அது நின்றால் மடுவு நிற்கும், மடுவு நின்றால் சதுப்பு உங்கள் பக்கம் விரியும். சதுப்பு முழுசாக இருந்த காலத்தில் அந்தச் சில நாள் தண்ணீரைப் பொறுமையாகத் தாங்கியது. இன்று மிச்சமிருப்பதில் 1,248 ஹெக்டேரை 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலமாக அறிவித்திருக்கிறார்கள். அதுவாவது அப்படியே நிலைக்க வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் ஒக்கியம் மடுவுப் பாலம். பாலத்துக்கு அடியில் தண்ணீர் கிழக்கே ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்த்தால் அடுத்த அரை நாளைக்கான சேதி தெரிந்துவிடும்.

---

பெரும்பாக்கம்_செல்வி · அக்டோபர் 12, இரவு 9:30

என் தம்பி அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறான். அவனைப் பார்க்கச் சொல்கிறேன். இதை எங்களைக் குடியேற்றியபோதே யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

---

கோட்டூர்வாசி · நவம்பர் 3, இரவு 10:15

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பதினான்கு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். இந்த முறை மழையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அம்மாவின் கரிக்கோடுகளைப் படம் எடுத்து, பக்கத்திலேயே அந்த நாட்களின் கடலேற்ற நேரத்தை எழுதி இணைத்தோம். வந்து பார்த்த இளம் பொறியாளர் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். வடிகால் வாயில் தகடு போட முன்மொழிவு எழுதியிருக்கிறார். இன்னும் வேலை தொடங்கவில்லை.

அதுவரைக்கும் நாங்களே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் ஏற்ற நேரத்தைத் தெரு வாட்ஸ்அப்பில் போடுகிறோம். கனமழை எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வண்டிகளை மேட்டுக்கு ஏற்றிவிடுவது, கீழ் அலமாரியைக் காலி செய்வது, தனியாக இருக்கும் இரண்டு பெரியவர்களை மாடி வீட்டுக்கு அழைத்துக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.

குப்பத்து அண்ணாவிடம் ஓர் உதவி. வாய் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது இங்கே ஒரு வரி போட முடியுமா?

---

குப்பத்துக்காரன் · நவம்பர் 4, காலை 5:40

போடுகிறேன் தம்பி. இப்போது அங்கேதான் நிற்கிறேன். வாய் திறந்திருக்கிறது, ஆனால் வடக்குக் கரையில் மணல் நாக்கு நீள ஆரம்பித்திருக்கிறது. நேற்று நாற்பது எட்டு வைத்துக் கடந்த இடம், இன்று முப்பதுதான். வன்னி பலமாக இருக்கிறது. தண்ணி இப்போது வெளியே போகிறது, ஆறரைக்கு மேல் திரும்பும்.

---

கோட்டூர்வாசி · நவம்பர் 4, காலை 5:52

பார்த்துவிட்டேன் அண்ணா. அம்மா இதையும் சுவரில் எழுதச் சொல்கிறார்.